சேருவதற்குப் பணமா, தங்குவதற்குப் பணமா?

கேள்வி: சிறிய பள்ளி ஒன்றை நடத்துகிறோம். நல்ல ஆசிரியர்கள் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுகிறார்கள். இந்த ஆண்டு சம்பளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நிதி கிடைத்திருக்கிறது. சேரும்போதே ஒரு பெரிய தொகை கொடுங்கள் என்கிறார் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட். தேர்வு முடிவைப் பார்த்து போனஸ் கொடுக்கலாம் என்கிறார் நிர்வாகக் குழுவில் ஒருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம்.

தேர்வு போனஸ் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை கணித ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை கொடுத்துப் பார்த்தார்கள். போனஸ் வாய்ப்பு இருந்த ஆசிரியர்களின் மாணவர்களுக்கும் இல்லாதவர்களின் மாணவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாடம் நடத்தத் தெரிந்தவர் ஏற்கெனவே முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். தெரியாதவருக்குப் பணத்தைக் காட்டினால் மட்டும் தெரிந்துவிடாது. உங்களுடையது சிறிய பள்ளி வேறு. ஒரு வகுப்பில் நாலு பிள்ளைகள் சரியாக எழுதாவிட்டால் சராசரியே கவிழ்ந்துவிடும். அதை வைத்து யாருக்குப் பணம் என்று முடிவு செய்தால் ஆசிரியர் அறையில் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்து ஏஜென்ட். ஆசிரியர் உங்களிடம் பத்து வருடம் இருந்தால் ஏஜென்டுக்கு என்ன லாபம்? அவருக்குக் கமிஷன் கிடைப்பது ஆள் மாறும்போதுதான். சேரும் தொகையைப் பெரிதாக்கச் சொல்வதும் அதனால்தான். இன்று உங்களிடம் அனுப்பியவரையே அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு இழுப்பார். 'ஆள் ஓடாமல் இருக்க அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள். அது அநியாயம். அப்படி ஒரு பேச்சு வெளியே பரவினால் அப்புறம் நல்லவர் யாரும் உங்கள் பள்ளிப் பக்கமே வரமாட்டார்.

சேரும் தொகை ஆளை வரவழைக்கும். தங்கவைக்குமா என்பதுதான் கேள்வி. திறமையான ஆசிரியர்கள் பின்தங்கிய பள்ளிகளுக்கு மாறினால் இரண்டு ஆண்டுகளில் 20,000 டாலர் தருவதாக அமெரிக்காவில் ஒரு திட்டம் நடந்தது. பணம் வந்துகொண்டிருந்தவரை அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தங்கினார்கள். பணம் நின்றதும் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. உங்கள் நிதி இந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான் என்றால் அதைச் சம்பளம் என்று பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

வருடா வருடம் வரும் பணம் என்றால், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில், முதல் ஐந்து வருட இன்கிரிமென்ட்டில் போடுங்கள். பெரும்பாலான சம்பள விகிதங்கள் வேலை செய்த வருடங்களுக்கும் பட்டத்துக்கும்தான் மரியாதை கொடுக்கின்றன. மூன்றாம் வருடத்திலேயே பிரமாதமாக நடத்தும் ஒருவர், நல்ல சம்பளத்தைப் பார்க்கப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். அவர் ஏன் காத்திருப்பார்? இதை எத்தனை குழுக்களில் சொன்னாலும் 'பார்க்கலாம்' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

இந்த ஒரே விகிதத்துக்கு ஒரே ஒரு விலக்கு: ஆள் கிடைக்காத பாடங்கள். கணிதமும் அறிவியலும் படித்தவருக்கு வெளியே வேறு வேலைகள் இருக்கின்றன. நீங்கள் போட்டியிடுவது அடுத்த பள்ளியோடு மட்டுமல்ல, அந்த வேலைகளோடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2001 முதல் 2004 வரை, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள அல்லது தேர்ச்சி குறைந்த பள்ளிகளில் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி நடத்துகிறவர்களுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்கள் வேலையை விட்டுப் போவது சுமார் 17 சதவீதம் குறைந்தது. தொகை பிரம்மாண்டமில்லை, ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. மொழி ஆசிரியர் 'எனக்கு மட்டும் ஏன் இல்லை?' என்று கேட்பார், நியாயமான கேள்விதான். அதனால் இதை அடிப்படைச் சம்பளத்தில் கலக்காமல் தனிப் படியாகக் கொடுங்கள். எந்தெந்தப் பாடத்துக்கு, எதனால் என்று எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். ரகசியமாகக் கொடுத்தால் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது. அந்தப் பாடத்துக்குத் தாராளமாக ஆள் கிடைக்கத் தொடங்கினால், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படியை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்குகிறவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

சம்பளம் கூடினால் இருக்கிறவர்கள் நாளை முதல் பிரமாதமாக நடத்துவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியர்களுக்குத் திருப்தி கூடியது, பிள்ளைகளின் கற்றல் கூடவில்லை. அடுத்து யார் விண்ணப்பிக்கிறார்கள், யார் போகாமல் இருக்கிறார்கள் என்பதில்தான் உயர்வின் பலன் தெரியும். அதற்குச் சில வருடம் ஆகும்.

இப்போதைக்குப் பழைய ராஜினாமா கடிதங்களை எடுத்து, யார் எந்த வருடத்தில், எந்தப் பாடத்திலிருந்து போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சம்பளம் தாமதமான மாதங்களையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், முதலில் மாதச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுக்க வழி பாருங்கள்.