"என்னடா ஆச்சு?" என்றால் "கடுப்பா இருக்கு" மட்டும்தான் பதில்

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். பத்தாவது படிக்கும் மகன் எந்நேரமும் ரீல்ஸ்தான். எது கேட்டாலும் "கடுப்பா இருக்கு" என்கிறான். எதையாவது மறைக்கிறானா?

பதில்: பெரும்பாலும் மறைக்கவில்லை, அவனுக்கே தெரியவில்லை. தன் மனதில் ஓடுவதற்குப் பெயர் சொல்ல வராத இந்தத் தன்மையை 'அலெக்ஸிதைமியா' என்பார்கள். 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர். நோய் இல்லை, ஆளுக்கு ஆள் கூடும் குறையும். போனிலேயே கிடக்கும் பிள்ளைகளிடம் இது கூடுதலாகத் தெரிகிறது. போனால் இது வந்ததா, இது இருப்பதால் போனுக்குள் போனானா என்று அடித்துச் சொல்ல முடியாது.

நம்ம பக்கத்துக் 'கடுப்பு', 'காண்டு' எல்லாம் கோணிப்பை மாதிரி. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்ட அவமானமும், மார்க் பயமும், மத்தியானம் சாப்பிடாத பசியும் அதற்குள்ளேயே கிடக்கும். மனசு சுருக்கென்றதும் விரல் போனைத் தேடும். அடுத்த வீடியோ ஓடியதும், சுருக்கென்றது எது என்று பார்க்காமலே அமுங்கிவிடும்.

போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். "ஏன் இப்படி இருக்க?" என்பது அவன் காதில் திட்டாகத்தான் விழும். எதிரே உட்காரவைத்து விசாரிக்காமல் கேரம் ஆடும்போது கேளுங்கள். கண் காயின் மேல் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். முதலில் உடம்பைக் கேளுங்கள்: "வயிறு பிசையுதா, தொண்டை அடைக்குதா?" அப்புறம் இரண்டு சொல் கொடுங்கள்: "அசிங்கமா போச்சா, பயமா இருக்கா?" தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, உங்களைத் திருத்துவதற்காகவாவது உள்ளே பார்ப்பான். அவன் சொன்ன சொல்லோடு மட்டும் வாதாடாதீர்கள்.

ஒற்றை அறை வீட்டில் போனுக்குத் தனி இடம் கஷ்டம்தான். ராத்திரி சமையலறை அலமாரியில் சார்ஜ் போடுங்கள், அப்பா போனும் அங்கேதான். எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். போனை எடுக்குமுன் ஒரு சொல், வைத்தபின் ஒரு சொல் என்று நோட்டில் எழுதட்டும், தினம் ஒரு தடவை போதும். முதல் வாரம் முழுக்கக் 'கடுப்பு' என்றே இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, ஸ்கூலுக்கும் போகாமல் இருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். சாகிற பேச்சு வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.