ஆங்கிலத்தை உருமாற்றியவர்கள் யார்?

கேள்வி: 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, முந்நூறு ஆண்டுகள் அந்நாட்டின் அரசவையில் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது என்கிறார்கள். அப்படியானால், ஆங்கிலத்தை அடியோடு மாற்றியவர்கள் நார்மன்கள்தானே?

பதில்: கடன் வாங்கிய சொற்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மொழியின் அடித்தளம்வரை சென்று தொட்டவர்கள், அவர்களுக்கு முன் வந்த ஸ்காண்டிநேவியர்களே என்பது என் உறுதியான கருத்து.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி முடிவுக்கு வந்தபின், இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் இனத்தார் வந்து குடியேறினர். ஆங்கிள்களின் பெயரே நாட்டுக்கும் மொழிக்கும் நிலைத்தது. அங்கே முன்பே வாழ்ந்த பிரிட்டானியரின் கெல்டிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் மிகக் குறைவு. தேம்ஸ், ஏவன் போன்ற ஆற்றுப் பெயர்கள் தங்கின.

793-இல் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தைச் சூறையாடிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள், 865-இல் பெரும்படையாகவே வந்திறங்கினர். 878-இல் தெற்கு இங்கிலாந்தின் வெசெக்ஸ் அரசை ஆண்ட மன்னர் ஆல்ஃபிரட் எடிங்டனில் அவர்களை முறியடித்தபோதும், வடக்கிலும் கிழக்கிலும் அவர்களில் பலர் நிலம் உழுது, பெண் எடுத்து, அங்கேயே ஊன்றிவிட்டனர். கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி என 'பி' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் இட்டவை. அவர்கள் பேசிய நார்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் நெருங்கிய உறவுடையவை என்பதால், அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களின் அன்றாடப் பேச்சிலேயே இரண்டும் கலந்தன. 'எக்', 'நைஃப்', 'விண்டோ' ஆகியவை மட்டுமல்ல, 'தே', 'தெம்', 'தேர்' என்னும் பதிலிப் பெயர்களும் நார்ஸ் தந்தவையே. பொருள்களின் பெயரை ஒரு மொழி கடன் வாங்குவது சாதாரணம். 'அவர்கள்' என்று சுட்டும் சொல்லையே வாங்குவது மிக அரிது. பழைய ஆங்கிலத்தின் வேற்றுமை உருபுகள் தேய்ந்ததற்கும் இந்தக் கலப்பு ஒரு காரணம் என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர்.

நார்மன்களின் செல்வாக்கோ மேலிருந்து இறங்கியது. 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கைப் பார்த்தால், பெருநிலக்கிழார்களில் ஆங்கிலேயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே 'கோர்ட்', 'ஜட்ஜ்', 'பார்லிமென்ட்' என ஆள்வோரின் சொற்களே பெருமளவில் வந்தன.

கேள்வி: பிறகு பிரெஞ்சு ஏன் நிலைக்கவில்லை?

பதில்: அதைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் சிறுபான்மையினர். 1204-இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்ததும், பிரபுக்களுக்குப் பிரான்சோடு இருந்த நிலத்தொடர்பு தளர்ந்தது. பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. 1399-இல் நான்காம் ஹென்றி அரியணைக்கு உரிமை கோரியபோது, ஆங்கிலத்திலேயே பேசினார்.