கனடாவில் பிரெஞ்சு, ஆங்கிலச் சிறுபான்மையினர் சமூகத்தில் தங்கள் இடத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

இரு தரப்பின் கவலையும் ஒன்றல்ல.

பிரெஞ்சு பேசுவோரே பெரும்பான்மையாக உள்ள மாகாணம் கியூபெக். அதற்கு வெளியே பிரெஞ்சு பேசுவோருக்கு, பிள்ளைகள் காலத்தில் மொழி கரைந்துவிடுமோ என்ற பயம். அது சும்மா வந்ததில்லை. 1912-இல் ஆங்கிலப் பெரும்பான்மை மாகாணமான ஒன்டாரியோ, பள்ளிகளில் பிரெஞ்சு வழிக் கல்வியை ஏறக்குறைய முடக்கியது. 1916-இல் அம்மாகாணத்திலுள்ள ஒட்டாவாவின் கீக் பள்ளி வாசலில் தாய்மார்கள் தொப்பி ஊசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள், உள்ளே பிரெஞ்சுப் பாடம் நடக்க வேண்டுமென்று! 1997-இல் அதே ஊரின் மோன்ஃபோர் மருத்துவமனையை மூடும் பேச்சு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2001-இல் நீதிமன்றத் தீர்ப்பு அதைக் காப்பாற்றியது. ஒரு மருத்துவமனைக்கு இவ்வளவா என்று கேட்கலாம். வலியைத் தாய்மொழியில் சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை. அதனால்தான் பள்ளியும் மருத்துவமனையும் அவர்களுக்குக் கட்டடம் மட்டுமல்ல, தாங்கள் இருக்கிறோம் என்பதற்கான சாட்சி.

சரி, கியூபெக்கின் ஆங்கிலம் பேசுவோர்? ஆங்கிலம் அழியாது என்று அவர்களுக்குத் தெரியும். பள்ளி, வேலை, கடைப் பலகை என எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்கு முதலிடம் தந்த 1977-இன் 101-ஆம் சட்டத்துக்கு முன்பும் பின்பும் பலர் டொராண்டோ பக்கம் போய்விட்டார்கள். தங்கியவர்களில் நிறையப் பேர் பிரெஞ்சும் நன்றாகவே பேசுவார்கள். அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கிய 2022-இன் 96-ஆம் சட்டம் வந்தபோது அவர்கள் எழுப்பிய கேள்வி: நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே, ஏன் விருந்தாளி போல நடத்துகிறீர்கள்?