ஸ்காட்லாந்து பிரிவதை வேல்ஸ் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? அவர்கள் தங்களை பிரிட்டிஷார் என்று கருதுகிறார்களா?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேல்ஸில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் தங்களை வேல்ஷ் என்று மட்டுமே குறித்தனர். பிரிட்டிஷ் என்று மட்டும் குறித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இதைப் பிரிவினை மனநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்ற 1979 வாக்கெடுப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் வேண்டாம் என்றனர். 1997-இல் ஆதரவு 50.3 விழுக்காடு, அதாவது 6,721 வாக்கு வித்தியாசத்தில்தான் அது கிடைத்தது.

ஸ்காட்லாந்தில் நடந்த 2014 விடுதலை வாக்கெடுப்பின்போது, வேல்ஷ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரி ஸ்காட்லாந்தின் விடுதலையை ஆதரித்தது; வேல்ஸின் முதலமைச்சராக இருந்த கார்வின் ஜோன்ஸோ ஸ்காட்லாந்து பிரிட்டிஷ் ஒன்றியத்திலேயே நீடிக்க வேண்டும் என்றார். அவரது கவலை புரிந்துகொள்ளத்தக்கதே: ஸ்காட்லாந்து விலகினால், சுமார் 31 லட்சம் பேர் கொண்ட வேல்ஸ், ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இங்கிலாந்தின் நிழலில் சிக்கிக்கொள்ளும். பிரெக்ஸிட்டிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவும், வேல்ஸ் வெளியேறவும் வாக்களித்தன.

மனக்குறை இல்லாமலும் இல்லை. லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக 1965-இல் கேப்பல் கெலின் என்ற வேல்ஷ் மொழிக் கிராமம் டிரவெரின் பள்ளத்தாக்கில் மூழ்கடிக்கப்பட்டது. வேல்ஸின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கான சட்டத்தை ஆதரிக்கவில்லை. இருந்தும் அது நிறைவேறியது. கடற்கரைச் சாலையோரம் இடிந்த சுவரொன்றில் ‘டிரவெரினை நினைவில் கொள்க’ என்று வேல்ஷில் எழுதப்பட்ட வாசகம், சிதைக்கப்படும்போதெல்லாம் மீண்டும் தீட்டப்படுகிறது. பிரிட்டனின் ஒன்றியக் கொடியில் வேல்ஸுக்கென ஒரு சின்னமும் இல்லை என்பதும் பலருக்கு உறுத்தலே. ஆனாலும் என் பார்வையில், ஸ்காட்லாந்து முதலில் பிரிந்தாலொழிய வேல்ஸில் விடுதலைக் கோரிக்கை பெரும்பான்மை பெறுவது கடினம்.