ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ‘பண்பாட்டு எரிப்பு’ என்றால் என்ன? அதை ஏன் பெரியவர்களிடம் நேரில் கற்கிறார்கள்?

நிலத்தைப் பேணுவதற்காக, பருவம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மெல்லிய தீ வைப்பதுதான் பண்பாட்டு எரிப்பு. தீ தாழ்வாக, மெதுவாக நகரும். ஆள் கூடவே நடக்கலாம். காய்ந்த புல்லும் சருகும் எரியும், மரத்தின் உச்சி கருகாது. பல்லி, பூச்சிகள் தப்ப வழியிருக்கும். சருகு குவியாததால் கோடையில் பெருந்தீ மூளும் வாய்ப்பும் குறைகிறது.

குடியேற்ற ஆட்சி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டியபோது பல இடங்களில் இந்த அறிவு அறுந்தது. அது பெருங்கொடுமை. ஆனால் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையான கேப் யார்க்கின் லாரா பகுதியில் டாமி ஜார்ஜ், ஜார்ஜ் மஸ்கிரேவ் என்ற இரு பெரியவர்கள் அதைக் காத்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் கற்ற விக்டர் ஸ்டெஃபென்சன் மற்ற சமூகங்களுக்கும் அதைக் கொண்டுபோனார். இன்று ஃபயர்ஸ்டிக்ஸ் என்ற பூர்வகுடி அமைப்பு முகாம்கள் நடத்திப் பயிற்சி தருகிறது.

நேரில் கற்பது ஏனென்றால், இது வெல்லப்பாகின் பதம் மாதிரி. அடுப்பருகே நின்றவருக்குத்தான் பிடிபடும். புல்லைக் கையில் நொறுக்கி, மண்ணின் ஈரம் தொட்டு, காற்றைப் பார்த்துத்தான் இன்றைக்குத் தீ வைக்கலாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

அரசுத் துறைகள் காட்டுத்தீயைத் தடுக்க முன்கூட்டியே எரிப்பதும் இதுவும் ஒன்றுதான் எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படியல்ல. அரசு எரிப்பில் சருகைக் குறைப்பதே முதல் நோக்கம், ஹெலிகாப்டரிலிருந்துகூடத் தீ வைப்பார்கள். பண்பாட்டு எரிப்பிலோ அந்த நிலத்துக்கு உரியவர்களே முன்னின்று, மண்ணுக்கும் மரத்துக்கும் ஏற்றபடி நடந்தே எரிக்கிறார்கள்.