ஆய்வுப் பணியாளர்களுக்கு நாடு தழுவிய சங்கம்: கேட்டவையும் என் பதில்களும்

பிரிட்டனில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி. முடித்துத் தற்காலிக கான்ட்ராக்ட்டில் ஆய்வு செய்பவளாக, வந்த நாளிலிருந்து ஆய்வுப் பணியாளர் சங்க வேலையில் இருக்கிறேன். முதலில் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு, அப்புறம் பல ஊர்ச் சங்கங்களைச் சேர்க்கும் வேலை. போன வாரம் கேள்வி அனுப்பச் சொன்னேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பல்கலைக்கழக, கல்லூரி ஊழியர்களுக்கு யூ.சி.யூ. தொழிற்சங்கம் இருக்கும்போது தனிச் சங்கம் எதற்கு? (ஷெஃபீல்டு)

முதலில் தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். சம்பளம் பேசுவது பல்கலைக்கழக நிர்வாகங்களின் தரப்பும் ஐந்து தொழிற்சங்கங்களும் உட்காரும் மேஜையில்தான். நம் சங்கம் அங்கே போட்டிக்குப் போகக் கூடாது, போனால் நிர்வாகத்துக்குத்தான் கொண்டாட்டம்.

ஆனால் போஸ்ட்டாக் என்பவர் மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மாணவர் அமைப்பில் இடமில்லை, பல துறைகளில் ஆசிரியர் கூட்டத்துக்கு அழைப்பும் வராது. நம் வேலை வாழ்க்கையைப் பற்றிய வாக்குறுதிகள் இங்கே கான்கார்டட் என்ற ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 1996-ல் முதலில் வந்தது, 2008-லும் 2019-லும் திருத்தி எழுதினார்கள். அதை எழுதும் இடத்தில் மானியம் கொடுப்பவர்கள் இருப்பார்கள், பல்கலைக்கழகங்கள் இருக்கும். ஆய்வுப் பணியாளர் சார்பில் யார் போவது? தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவர்கள் சொல்வது அவர்கள் கருத்துதான். நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டு, திரும்பி வந்து நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் போக வேண்டும். அதற்குத்தான் தனிச் சங்கம்.

இது தற்காலிக நிலைதானே, இரண்டு மூன்று வருடத்தில் எல்லாரும் லெக்சரர் ஆகிவிட மாட்டோமா?

பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். அறிவியலில் பிஎச்.டி. முடித்த நூறு பேரில் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணிக்குப் போய்ச் சேர்வது சுமார் 3.5 பேர். பேராசிரியர் ஆவது 0.45, அதாவது ஒருவர்கூட இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலானோருக்கு வேறு வேலைக்கான வழி தேவை, அதைப் பேச ஓர் இடம் தேவை.

பத்துப் பேர் சேர்ந்து தேசியச் சங்கம் என்று அறிவித்துவிடலாமா?

வேண்டாம். ஊரில் வேர் இல்லாத தேசியச் சங்கம் லெட்டர்பேடில்தான் இருக்கும். எங்கள் முதல் கூட்டம் காபி அறையில் நடந்தது, பதினொரு பேர் வந்தார்கள். ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, பெயருக்குப் பக்கத்தில் கான்ட்ராக்ட் முடியும் தேதியை எழுதச் சொன்னோம். தாள் திரும்பி வந்தபோது பார்த்தால், எல்லாருக்கும் பிந்திய தேதியே பத்தொன்பது மாதம்தான் தள்ளி இருந்தது. ஒருவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சட்டதிட்டம், லோகோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்று பேசியது அந்தத் தாளைப் பற்றி மட்டும்தான், சங்கம் பிறந்ததும் அங்கேதான்.

அப்படி நாலைந்து பல்கலைக்கழகங்களில் உயிரோடு ஒரு குழு இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பேரை அனுப்பிச் சேருங்கள். பணத்துக்கு முதலில் ஒரு தாங்கல் வேண்டும். அமெரிக்காவில் தேசிய போஸ்ட்டாக் சங்கம் 2003-ல் தொடங்கியபோது ஸ்லோன் அறக்கட்டளை பணம் கொடுத்தது. தாங்குகிறவர் கையை விட்டால் என்ன செய்வோம் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

நிர்வாகிகள் ஊர் மாறிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் சங்கம் இரண்டு முறை செத்துப் பிழைத்தது. (கிளாஸ்கோ)

இதுதான் கேள்வி. சங்கம் தேவைப்படுவதற்கு எது காரணமோ, அதுவே சங்கத்தைக் கொல்லவும் செய்கிறது. எங்கள் செயலாளர் கான்ட்ராக்ட் ஒரு செப்டம்பர் கடைசியில் முடிந்தது. மறுநாளே அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டது. எங்கள் மெயிலிங் லிஸ்ட் அந்த முகவரியில் இருந்தது, கூட்டக் குறிப்புகள் அவர் கணக்கில் இருந்தன. நானூறு பேருடைய தொடர்பு ஒரே இரவில் போயிற்று. அவர்மேல் தப்பே இல்லை, கடைசி நாள்வரை லேபில் சோதனை முடித்துக்கொண்டிருந்தார், பாவம். துறைதுறையாக நோட்டீஸ் ஒட்டித் திரும்பச் சேர்க்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது.

அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்வது: லிஸ்ட்டும் கோப்புகளும் ஆள் பேரில் இருக்கக் கூடாது, சங்கத்தின் பேரில் இருக்கட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், கான்ட்ராக்ட் முடியும் தேதி ஒன்றாக வராதபடி பார்த்து. நிர்வாகத் தரப்பில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர், ஆய்வாளர் மேம்பாட்டு அலுவலகத்திலோ நூலகத்திலோ, அந்தக் கணக்குகளின் கடவுச்சொல்லை வைத்திருக்கட்டும். முடிவெடுப்பது மட்டும் நாம்.

சங்கக் கூட்டத்துக்குப் போனால் புரொஃபசர் முகம் சுளிக்கிறார்.

2019 கான்கார்டட்டில் உங்கள் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருக்கிறதா பாருங்கள். இட்டிருந்தால், தொழில் மேம்பாட்டுக்கு வருடத்துக்குக் குறைந்தது 10 நாள் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது. சட்டம் இல்லை, ஆனாலும் எழுத்தில் இருக்கிறது. சங்கப் பொறுப்பையும் அந்த 10 நாளில் சேர்த்துக்கொள்ளும்படி நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், சங்கம் கேட்கட்டும்.

ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட் மேல் கான்ட்ராக்ட். சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. 2002-ல் வந்த விதிகளின்படி, அடுத்தடுத்த கான்ட்ராக்ட்டில் நாலு வருடம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், தக்க காரணம் காட்டாதவரை நீங்கள் நிரந்தரப் பணியாளர். மானியம் குறுகிய காலத்துக்குத்தான் வருகிறது என்பது மட்டும் தக்க காரணம் ஆகாது என்று 2008-ல் அபர்டீன் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பாயம் சொன்னது. நிரந்தரம் என்று தாள் வந்தாலும் ஆட்குறைப்பு வரலாம், உண்மைதான். ஆனால் அப்போது உங்களோடு பேசாமல், வேறு இடம் தேடிப் பார்க்காமல் அனுப்ப முடியாது. தொழிற்சங்கத்தில் வழக்குப் பார்ப்பவரிடம் இன்றே போங்கள்.

விசாவில் இருக்கிறேன், சேரப் பயமாக இருக்கிறது.

தாராளமாகச் சேருங்கள், சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும். சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் இருந்த நாட்களை, விசாவுக்கு ஆபத்தாகக்கூடிய சம்பளமில்லா விடுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2018-லேயே விதி மாறிவிட்டது.

அண்ணி, நான் மதுரையில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கும் ஆய்வு மாணவன். இங்கே இது நடக்குமா?

நடந்திருக்கிறதே தம்பி. மாதம் 25,000 ரூபாயாக இருந்த ஜே.ஆர்.எஃப். 2019-ல் 31,000 ஆனதும், 2023-ல் 37,000 ஆனதும் ஆய்வு மாணவர்கள் தெருவில் நின்று கேட்ட பிறகுதான். போராட்டத்துக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினால், தொகை உயர்ந்த மறுநாளும் அதைக் கலைக்காதீர்கள். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா என்று கணக்கெடுக்கத் தொடங்குங்கள்.

எனக்கு மார்ச்சில் முடிகிறது. ஆறு மாதத்துக்கு வந்து என்ன பிரயோஜனம்?

வாருங்கள். உங்கள் துறையில் எத்தனை பேர், யாருக்கு எப்போது முடிகிறது என்று ஒரு பட்டியல் போட ஒரு மாதம் போதும். அதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க இன்னொரு மாதம். வரும் புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூடுகிறோம். உங்களைப் போல மார்ச்சில் முடிகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.