வீட்டில் தவளை, பல்லி வளர்ப்பவர்களால் அரிய இனங்களைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், ஆனால் வெறுமனே வளர்த்தால் போதாது. உயிரியல் பூங்காக்களில் இடம் குறைவு. சிறு தவளைகளுக்கோ ஒரு கண்ணாடித் தொட்டி போதும். ஜெர்மனியில் 2018-இல் தொடங்கிய 'சிட்டிசன் கன்சர்வேஷன்' திட்டத்தில் பூங்காக்களோடு தனியாரும் சேர்ந்து இனப்பெருக்கம் செய்கிறார்கள்.

சிக்கல் பதிவேட்டில்தான். எந்தக் குட்டிக்கு எது தாய், எது தந்தை என்று எழுதிவைக்காவிட்டால் உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து வம்சம் நலிந்துபோகும். பல்லி வடிவில் நீரில் வாழும் ஆக்சலாட்டல் என்ற இருவாழ்வியைப் பாருங்கள்: உலகெங்கும் தொட்டிகளில் ஏராளம், சொந்த ஊரான மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் மிக அரிது. தொட்டியில் இருப்பவை பலவற்றில் அதன் உறவினமான புலி சாலமாண்டரின் கலப்பு வேறு. அவற்றைக் கொண்டுபோய் கால்வாயில் விடுவது உதவியே ஆகாது.

அப்புறம் தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை. ஈர வலை ஒன்றே போதும், தொட்டிக்குத் தொட்டி தாவிவிடும். ஆளுக்கொரு வலை, தொட்டிக்கொரு வலை என்று வைத்துக்கொள்ளச் சோம்பல்படுபவர் இதில் இறங்காமலிருப்பதே நல்லது.